நிழலைப் பார்த்துத் தீர்ப்பெழுதலாமா?

எலும்பில் ஏதோ அரித்திருக்கிறது என்று ஸ்கான் அறிக்கை வந்தவுடன் எங்கள் மட்டக்களப்புப் பகுதிக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பதைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். முதல் வேலையாக, நோயாளிக்கு எதுவும் சொல்வதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். அடுத்து, வயற்காணி உறுதி பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினருக்கு அறிக்கையின் படம் கைத்தொலைபேசியில் பறக்கிறது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரருக்கோ மண்டூர் முருகனுக்கோ நேர்த்தி வைக்கப்படுகிறது. சென்னைக்கு விமானச்சீட்டு என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடும். ஒரேயொரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அந்த இடத்திலிருந்து இழையத்துண்டு எடுத்துப் பரிசோதித்தார்களா?

நான் வைத்தியன் அல்லன். கலைப்பட்டதாரி. வாழ்வின் பெரும்பகுதியைச் செய்தி மேசையில் கழித்தவன். ஆனால் உறுதிப்படாத தகவலைத் தலைப்புச் செய்தியாக்கக் கூடாது என்பது என் தொழிலின் முதற்பாடம். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் இவ்விடயத்தைப் பேசத் துணிகிறேன்.

படுவான்கரையைச் சேர்ந்த ஒரு விவசாயி. ஐம்பதைத் தாண்டியவர், நீரிழிவுக்காரர். பெரும்போக வேலைகள் முடிந்த கையோடு தொடையில் வலி தொடங்கியது. மாலையானால் காய்ச்சல். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். தனியார் நிலையமொன்றில் எடுத்த ஸ்கான் அறிக்கையுடன் அவரது மைத்துனர் என்னிடம் வந்தார். ஆங்கிலம் தெரிந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. "இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க அண்ணன். அந்த வருத்தமா?" என்றார். அந்த வருத்தம் என்றால் எந்த வருத்தம் என்று எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

வாசித்தேன். தொடை எலும்பின் மேற்பகுதியில் அரிப்பு, சுற்றியுள்ள தசையில் வீக்கம், வேறெங்கிருந்தோ பரவிய புற்றாக இருக்கலாம், ஏனைய பரிசோதனைகளோடு ஒப்பிட்டு முடிவு செய்க என்று எழுதியிருந்தது. புற்று என்னும் சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இடப்பட்டிருந்தது. கதிரியல் நிபுணர் தமது கடமையைச் சரியாகவே செய்திருந்தார். ஆனால் அந்த அறிக்கை நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த வழியில் கேள்விக்குறி எங்கோ தொலைந்துவிட்டது. வீட்டில் அழுகை தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது.

பிறகு அரச வைத்தியசாலையில் இழையம் எடுத்தார்கள். புற்றுக் கலம் ஒன்றும் இல்லை. எலும்பின் உள்ளிருந்து வந்த சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியபோது வயற்சேற்றில் வாழும் ஒரு பற்றீரியா வளர்ந்தது. நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். வாரக்கணக்கில் ஊசிமருந்து, மாதக்கணக்கில் மாத்திரை. காணி விற்கப்படாமலே பிழைத்தார். எல்லோருக்கும் இப்படி நல்ல முடிவு வரும் என்று சொல்ல நான் வரவில்லை. எலும்பில் தெரியும் அரிப்புப் பல வேளைகளில் புற்றாகவே இருக்கிறது. நான் கேட்பது, புற்று என்று முடிவு கட்டும் உரிமை படத்துக்கு உண்டா என்பதுதான்.

எலும்பு அதிகம் பேசத் தெரியாத உறுப்பு. எதிரி யாராக இருந்தாலும் அதற்குத் தெரிந்தவை இரண்டு செயல்களே. ஓரிடத்தில் கரையும், இன்னோரிடத்தில் புதிதாக எலும்பைக் கட்டும். புற்று வந்தாலும் இதையே செய்கிறது, கிருமி வந்தாலும் இதையே செய்கிறது, கிருமியே இல்லாத வெறும் அழற்சி வந்தாலும் இதையே செய்கிறது. கதிர்ப்படத்தில் நாம் காண்பது எதிரியின் முகத்தையல்ல, எலும்பு பட்ட பாட்டை. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் புதிய எலும்பு படிந்திருந்தால் ஈவிங் சார்கோமா என்னும் சிறுவர் புற்றை நினைக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். எலும்புச் சீழ் நோயிலும் அதே அடுக்குகள் தோன்றும் என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள்.

எங்கள் மொழி இவ்விடத்தில் ஒரு வேடிக்கை செய்கிறது. அந்துப்பூச்சி தின்ற துணிபோல எலும்பு இருக்கிறது என்பது கதிரியலில் வழங்கும் வர்ணனை. தமிழில் நாம் செல்லரித்தது என்போம். செல் கட்டுவது புற்று. ஆகவே செல்லரித்த எலும்பைக் கண்டவுடன் தமிழன் வாயில் புற்று என்ற சொல் தானாகவே வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், காசநோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் எலும்புருக்கி. உடம்பு எலும்புந்தோலுமாய் உருகிப்போவதைக் கண்டு வைத்த பெயராகவே இருக்கவேண்டும். ஆனால் அந்த நோய் முதுகெலும்பைப் பிடித்தால் மெய்யாகவே எலும்பை உருக்கிவிடும். இலண்டனின் அறுவை வைத்தியர் பெர்சிவல் பொட் இதனை 1779 இல் விவரித்தார். இன்றும் முதுகெலும்புக் காசநோய் புற்று என்று பிழையாகக் கணிக்கப்படுவது உலகெங்கும் நடக்கிறது. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டத்தட்டைக் காசநோய் அழிக்கும், புற்று பெரும்பாலும் விட்டுவைக்கும் என்று ஒரு பழைய விதி உண்டு. விதி நல்ல விதிதான். ஆனால் தட்டைத் தொடாமல் முள்ளெலும்பை மட்டும் தின்னும் காசநோயும் இருக்கிறது. இலங்கையில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். அப்படியிருக்க முதுகுவலிக்காரர் ஒருவரைக் காசநோய்ச் சோதனை இன்றியே சாவுக்குத் தயார்படுத்துவதை என்னவென்று சொல்வது?

ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் பாடம் வைத்திய உலகுக்குக் கிடைத்துவிட்டது. இலண்டனில் பெஞ்சமின் புரோடி என்னும் அறுவை வைத்தியர் 1832 இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இளைஞனுக்குக் கணைக்கால் எலும்பின் கீழ் முனையில் ஆண்டுக்கணக்காக வலி. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. காலை வெட்டினார்கள். வெட்டிய காலைப் பிளந்து பார்த்தபோது எலும்புக்குள்ளே ஒரு சிறு குழி, அதற்குள் சீழ். வேறொன்றும் இல்லை. எலும்பில் ஒரு துளையிட்டுச் சீழை வடித்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று புரோடியே எண்ணினார். அடுத்து அதேபோன்ற நோயாளிகள் வந்தபோது அப்படியே செய்து வெற்றியும் கண்டார். இன்றைக்கும் அவ்வகைச் சீழ்க்கட்டிக்கு அவர் பெயர்தான். தாம் வெட்டிய காலைப் பற்றி மறைக்காமல் எழுதி வைத்த அந்த மனிதர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இரு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. படமெடுக்கும் இயந்திரங்கள் வந்தன, அவற்றின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே இருப்பது சீழா சதையா என்று எடுத்துப் பார்க்கும் தேவை மட்டும் நீங்கவில்லை.

விலையுயர்ந்த ஸ்கான் எடுத்தால் ஐயம் தீரும் என்பது பலரின் நம்பிக்கை. உடம்பு முழுவதையும் ஒளிரக் காட்டும் பெற் ஸ்கானுக்காக இந்தியா சென்று வருகிறார்கள். அதில் உடலுக்குள் செலுத்தப்படுவது கதிரியக்கம் ஏற்றப்பட்ட ஒருவகைச் சீனி. எந்தக் கலம் சீனியை அதிகம் எரிக்கிறதோ அது ஒளிரும். புற்றுக் கலம் பெருந்தீனிக்காரன்தான். ஆனால் கிருமியோடு சண்டையிட வந்து குவிந்திருக்கும் வெண்குருதிக் கலங்களும் சீனியை அள்ளி எரிக்கின்றன. காசநோய்க் கட்டி பெற் ஸ்கானில் கார்த்திகைத் தீபம்போல ஒளிரும். எலும்பு ஸ்கான் எனப்படும் மற்றைய சோதனையும் எலும்பு எங்கே சுறுசுறுப்பாக இருக்கிறது என்றுதான் காட்டும், எதனால் என்று காட்டாது. கடன்பட்டு எடுத்த ஸ்கான் என்பதால் அதன் சொல்லுக்கு எடை கூடிவிடாது. இந்த ஸ்கான்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. நோய் எத்தனை இடத்தில் இருக்கிறது, ஊசியை எங்கே குத்தினால் நல்ல துண்டு கிடைக்கும் என்று காட்டுவதில் அவற்றுக்கு இணையில்லை. வழிகாட்டியை நீதிபதியாக்குவதுதான் பிழை.

எங்கள் வாவிக்கரை மக்கள் தனியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது மெலியோய்டோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான். இந்த நோயை முதலில் கண்டறிந்தவர்கள் இருவர். 1911 இல் இரங்கூனில் பணியாற்றிய அல்பிரட் விட்மோர் என்னும் ஆங்கிலேயரும் அவரோடிருந்த சி.எஸ்.கிருஷ்ணசாமியும். விட்மோரின் பெயரால் அந்நோயை நெடுங்காலம் அழைத்தார்கள். கிருஷ்ணசாமியின் பெயர் அடிக்குறிப்பாகிப் போனது. அது அந்தக் காலத்து வழமை. இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927 இல். அதன்பின் எண்பது ஆண்டுகள் ஏறத்தாழ மௌனம், விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளே பதிவாகினர். 2006 அளவிலிருந்து கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீட நுண்ணுயிரியலாளர்களும் வைத்தியசாலை ஆய்வுகூடங்களும் இதைத் தேடத் தொடங்கின. தேடியபோது நூற்றுக்கணக்கில் கிடைத்தது. மட்டக்களப்பிலும் கணிசமாகக் கிடைத்தது. எண்பதாண்டு மௌனத்தின்போது அந்த நோய் இந்த மண்ணில் இல்லாமலா இருந்தது? வேறு பெயர்களில் நோயாளிகள் இறந்திருப்பார்கள். காசநோய் என்று சிலர், இன்னதென்று தெரியாத காய்ச்சல் என்று பலர், புற்று என்று சிலர். அவர்களை இனி எண்ணமுடியாது.

அந்தப் பற்றீரியா சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் புகும். பெருமழையோடு சுவாசத்திலும் புகும். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அரிது. நீரிழிவுக்காரரை அது தேடிப் பிடிக்கும். சிறுநீரக நோயாளரையும் மதுவுக்கு அடிமையானவரையும் அப்படியே. எங்கள் வட்டைகளில் ஐப்பசியிலிருந்து தைவரை முழங்கால் சேற்றில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு நீரிழிவு என்று எந்தக் கிளினிக்கிலும் போய்ப் பார்க்கலாம். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குங்கள் என்று சுகாதார அறிவுரை சொல்கிறது. சொன்னவர் சேற்றில் பத்தடி நடந்து பார்த்திருக்கமாட்டார். அது கிடக்கட்டும். புண்ணோடு சேற்றில் இறங்காமல் இருக்கவும், கரையேறியதும் நல்ல தண்ணீரில் கால் கழுவவும் முடியும்.

உள்ளே புகுந்த பின் சிலவேளை உடனே நஞ்சேறிக் கொல்லும். சிலவேளை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து அது வெளிப்பட்டதாக 2005 இல் எழுதினார்கள். நுரையீரலில் வந்தால் காசநோய்போல, ஈரலில் வந்தால் கட்டிபோல, எலும்பில் வந்தால் புற்றுப்போல வேடம் கட்டும். ஆய்வுகூடத்திலும் ஏமாற்றும். பழக்கமில்லாத கண் அதைப் பொருட்படுத்தத் தேவையற்ற மாசு என்று ஒதுக்கிவிடலாம். சாதாரணமாகக் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கு அது மசியாது. தகுந்த ஊசிமருந்தைப் பல வாரம் கொடுத்து, பின்னர் மூன்று முதல் ஆறு மாதம் மாத்திரையும் கொடுத்தாக வேண்டும். எலும்பில் என்றால் இன்னும் நீளும். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். இத்தகைய நோயாளிக்குப் புற்று என்று எண்ணி இரசாயன மருந்து ஏற்றினால் என்ன ஆகும்? உள்ள எதிர்ப்புச் சக்தியும் போய்விடும். கிருமிக்கு வாசலைத் திறந்துவிட்டதாகும்.

கிருமியே இல்லாத அழற்சியும் உண்டு என்றேன். இதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஏழெட்டு வயதிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வரையான பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்குச் சற்று அதிகமாக, ஒரு எலும்பில் வலி வரும். காறை எலும்பு வீங்கும், அல்லது கணுக்காலருகே வலிக்கும். இரவில் கூடுதலாக வலிக்கும். படத்தில் அரிப்புத் தெரியும். பார்ப்பவர் அச்சப்படுவது புற்றை. இழையம் எடுத்தால் புற்றுமில்லை, வளர்த்துப் பார்த்தால் கிருமியுமில்லை. உடலின் காவற்படை காரணமின்றித் தன் எலும்பையே தாக்கிக்கொண்டிருக்கிறது. சுவிற்சர்லாந்தில் அந்திரெஸ் கீடியனும் அவரது சகாக்களும் 1972 இல் இதனை முதலில் விவரித்தார்கள். பல இடங்களில் மாறிமாறி வரும் நாட்பட்ட எலும்பழற்சி என்று இதைத் தமிழில் சொல்லலாம். நுண்ணுயிர்க்கொல்லி இதற்குப் பயன்படாது. அழற்சியைத் தணிக்கும் சாதாரண வலி மாத்திரைகளுக்கே பல பிள்ளைகள் குணமடைகிறார்கள். அதற்கு அடங்காதவர்களுக்கு அடுத்த படி மருந்துகள் உண்டு. அதுவரை அந்தப் பிள்ளையின் தாய் எத்தனை இரவு உறங்காமல் இருந்திருப்பாள்!

வளர்ந்தவர்களில் இதற்கு ஒரு சகோதர நோய். 1987 இல் பிரெஞ்சு வைத்தியர்கள் சபோ என்று பெயரிட்டார்கள். மார்பெலும்பும் காறை எலும்பும் சேரும் இடத்தில் வீக்கம் வரும். எலும்பு ஸ்கானில் அந்தப் பகுதி கொம்புள்ள காளையின் தலைபோலத் தெரியும் என்பது கதிரியலாளர்களுக்குப் பழக்கமான அடையாளம். இந்த நோயாளிகள் பலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சீழ்க்கொப்புளங்கள் இருக்கும், அல்லது கடும் முகப்பரு இருக்கும். ஸ்கானுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுமுன்னர் கையை விரிக்கச் சொல்லிப் பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. ஆனால் எலும்பு வலிக்கு ஒரு கிளினிக், தோற்கொப்புளத்துக்கு இன்னொரு கிளினிக் என்று போகிறவரிடம் இரண்டையும் சேர்த்துக் கேட்பவர் யார்? காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று பதினொரு மணிக்கு உள்ளே போனால் வைத்தியருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காக வைத்தியரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருக்குப் பின்னால் இன்னும் எண்பது பேர் நிற்கிறார்கள்.

இனிப் பயொப்சிக்கு வருகிறேன். எங்கள் மக்களிடம் இதைப் பற்றி வேரூன்றிய ஓர் அச்சம் இருக்கிறது. கத்தி பட்டால் பரவிவிடும் என்பார்கள். முறையாகச் செய்யப்படும் பயொப்சியால் பரவும் அபாயம் மிகக் குறைவு. ஆனால் முறையாக என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்கிறேன். எலும்புப் புற்றாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், பின்னால் அறுவைச் சிகிச்சை செய்யப்போகும் குழுவே ஊசி போகும் பாதையைத் தீர்மானிக்க வேண்டும். புற்று என்று உறுதியானால் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி அகற்ற வேண்டியிருக்கும். அமெரிக்க எலும்பியல் நிபுணர் ஹென்றி மான்கின் 1982 இல் 329 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார். 18.2 வீதமானோரில் நோய் நிர்ணயத்தில் பெரும்பிழை நேர்ந்திருந்தது. பயொப்சியைச் சரியாகச் செய்யாததால் 15 பேர் தேவையின்றி அவயவத்தை இழந்திருந்தனர். 1996 இல் 597 பேரை வைத்து மீண்டும் பார்த்தார்கள். நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. உரிய சிகிச்சை நிலையத்தில் அல்லாமல் வழியிலுள்ள ஏதோ வைத்தியசாலையில் பயொப்சி செய்தபோதுதான் சிக்கல்கள் பலமடங்கு அதிகம். ஆகவே பயொப்சி வேண்டும் என்பதோடு, யார் செய்வது, எங்கே செய்வது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

இன்னொன்றும் உண்டு. எலும்பு வைத்தியத்தில் வழங்கும் ஒரு பழைய நடைமுறை: கட்டி என்று நினைத்து எடுத்த துண்டையும் கிருமி வளர்ப்புக்கு அனுப்பு, சீழ் என்று நினைத்து எடுத்ததையும் இழையச் சோதனைக்கு அனுப்பு. இது நூற்றுக்கு நூறு எங்கள் பகுதிக்கே எழுதியதுபோல் இருக்கிறது. எடுத்த துண்டு முழுவதையும் போர்மலின் போத்தலுக்குள் போட்டுவிட்டால் அதில் இருந்த கிருமி இறந்துவிடும், பிறகு எதையும் வளர்க்க முடியாது. அரைவாசியைப் போர்மலினிலும் அரைவாசியைச் சுத்தமான உலர்ந்த குப்பியிலும் இடவேண்டும். இரண்டாவது குப்பிக்கு என்ன விலை? நோயாளி வயல்வேலை செய்பவர், நீரிழிவு உள்ளவர் என்று ஆய்வுகூடத் துண்டில் ஒரு வரி எழுதிவிட்டால், அங்கே இருப்பவர் எதைத் தேடவேண்டும் என்பதை அறிந்து தேடுவார். இந்த ஒரு வரியும் ஒரு குப்பியும் இல்லாததால் எத்தனை குடும்பங்கள் சிதைகின்றன என்று நினைக்கும்போது கோபம் வருகிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இது ஆபத்தான கட்டுரையாகிவிடும். இதை வாசித்துவிட்டு, எனக்கும் வெறும் அழற்சியாகத்தான் இருக்கும் என்று எவரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஏமாற்று இருவழியிலும் நடக்கிறது. ஜேம்ஸ் ஈவிங் 1921 இல் விவரித்த அந்தச் சிறுவர் புற்று காய்ச்சலோடு வரும், வீக்கமும் சூடும் இருக்கும், அறுத்தால் சீழ்போலவே ஒழுகும். எலும்புச் சீழ் என்று நினைத்து மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துக் காலம் கடந்த கதைகள் உலகெங்கும் உண்டு. எங்கள் ஊரில் இதற்கு மேலும் ஒரு படி. பிள்ளை விளையாடும்போது விழுந்தான், அதனால்தான் முழங்கால் வீங்கியிருக்கிறது என்று முறிவு வைத்தியரிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டு உருவுவார்கள், பத்துப் போட்டுக் கட்டுவார்கள். முறிவு வைத்தியத்தின்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. முறிந்த கையைப் பொருத்துவதில் கெட்டிக்காரர்களை இந்த மாவட்டத்திலேயே அறிவேன். ஆனால் இரவில் நித்திரையிலிருந்து எழுப்பும் வலி, நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் நோவு ஆகியவற்றை உருவிவிடுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு எலும்பில் புதிதாக அரிப்புத் தெரிந்தால் மார்பகம், சுக்கிலச் சுரப்பி, நுரையீரல், தைரொயிட், சிறுநீரகம் ஆகியவற்றில் எங்காவது புற்று உண்டா என்று தேடியே ஆகவேண்டும். கிருமியை நினைவில் வைத்திருப்பது புற்றை மறப்பதற்கு அனுமதியல்ல.

போர் இந்த விடயத்திலும் எங்களை விட்டபாடில்லை. செல் துண்டும் குண்டுச் சிதறலும் உடம்பில் தங்கியவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தமிழரிலும் முஸ்லிம்களிலும் இருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெருங்காந்தம். இரும்புத் துண்டு உள்ளவரை அதற்குள் எளிதில் அனுப்ப முடியாது. அவர்களுக்குக் கிடைக்கும் படங்கள் அதனால் இன்னும் தெளிவற்றவை. பழைய காயத்தடியில் பல ஆண்டுகளாகச் சீழ் ஒழுகிக்கொண்டிருக்கும் எலும்பும் சிலருக்கு உண்டு. இப்படி நாட்பட்ட சீழ்ப்புண்ணில் தசாப்தங்களுக்குப் பின் மெய்யாகவே தோற்புற்று உருவாகலாம் என்பது நீண்டகாலமாக அறியப்பட்ட உண்மை. ஆகவே பழைய புண்தானே என்று இருந்துவிடாமல், புண் திடீரெனப் பெருத்தாலோ நாற்றமோ குருதியோ கண்டாலோ அங்கேயும் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னாள் போராளிகள் பலர் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகிறார்கள். எப்போது, எப்படி, எங்கே காயம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவர்களுக்குப் பயம். போர் முடிந்தது 2009 இல். அந்தப் பயம் முடியவில்லை.

நோயாளிக்கு மறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அன்பினால்தான் மறைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உறுதிப்படாத ஒன்றை மறைக்கும்போது என்ன நடக்கிறது? தனக்கு ஏன் பயொப்சி என்று நோயாளிக்குத் தெரியாது, அதனால் ஒப்புக்கொள்ளமாட்டார். வைத்தியர் அவரிடம் வயலைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் கேட்கவேண்டிய நேரத்தில் மகன் முன்னால் வந்து நின்று பதில் சொல்வான். மகன் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். அப்பா எந்தச் சேற்றில் எந்தப் புண்ணோடு நின்றார் என்று அவனுக்கு என்ன தெரியும்?

வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து ஸ்கான் அறிக்கையின் படம் வந்தால் உடனே பணம் அனுப்பி இன்னொரு ஸ்கான் எடுக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த வைத்தியரிடம் காட்டி இது கன்சர் தானா என்று கேட்காதீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் வைத்தியர் நல்லவராக இருந்தால் தெரியாது என்பார். மெலியோய்டோசிஸ் நோயாளியை அவர் வாழ்நாளில் கண்டிருக்கவும் மாட்டார். ஊருக்குத் தொலைபேசி எடுத்து இவற்றைக் கேளுங்கள். இழையம் எடுத்தார்களா? அதைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பினார்களா? காசநோய்ச் சோதனை செய்தார்களா? சீனி எவ்வளவு? வயலில் இறங்கினாரா? பணம் அனுப்புவதானால் நோயாளி கிளினிக்குக்குப் போய்வர வாகனத்துக்கும், வேலைக்குப் போகாத நாட்களின் வீட்டுச் செலவுக்கும் அனுப்புங்கள். ஆறுமாத மாத்திரையை மூன்றாம் மாதத்தில் நிறுத்துபவர்களில் பலர் மருந்தின் விலையால் நிறுத்துவதில்லை, பேருந்துச் செலவாலும் இழக்கும் கூலியாலும் நிறுத்துகிறார்கள்.

கடைசியாக, அறிக்கையின் மொழி. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன், 1847 இல், யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் தந்தார். இன்று எங்கள் பகுதியில் எலும்பு வலியோடு போகும் தமிழருக்குக் கிடைப்பது ஆங்கில அறிக்கை மட்டும். முழு அறிக்கையையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அது வைத்தியருக்கு வைத்தியர் எழுதும் கடிதம், அப்படியே இருக்கட்டும். அதன் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் சில வரிகள் போதும். அரச வைத்தியசாலைகளும் தனியார் நிலையங்களும் ஒரு இறப்பர் முத்திரை செய்து குத்திவிடலாம். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்:

"இது படத்தைப் பார்த்து எழுதிய ஐயம். நோய் இன்னதென்று இன்னும் உறுதியாகவில்லை. இழையப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும் தேவையா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவு இருந்தால், வயலில் வேலை செய்பவரானால், முன்னர் காசநோய் வந்திருந்தால், உடலில் உலோகத் துண்டு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்."

சுகாதாரத் திணைக்களத்தில் யாராவது இதை வாசித்தால், சொற்களைத் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். என் பெயர் போடத் தேவையில்லை.